விதைநெல் கேட்டு வந்தவருக்குக் கையெழுத்துப் போடலாமா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். மூன்றரை ஏக்கர் சொந்த நிலம். 2008 நிஷா புயல் மழையில் இவர் வயல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தபோது, கிச்சிலிச் சம்பாவில் சில தூர்கள் மட்டும் அழுகாமல் நின்றிருக்கின்றன. அவற்றிலிருந்து கதிர் பொறுக்கி, தனியாக விதைத்து, வருஷா வருஷம் கலவன் (இடையே முளைக்கும் வேறு ரகச் செடிகள்) நீக்கி ஒரு ரகமாகவே நிலைநிறுத்திவிட்டார். அதற்கு ஊரில் ஒரு பெயரும் உண்டு. சுற்றுப்புற விவசாயிகள் வீட்டுக்கு வந்து விதை வாங்கிப்போகிறார்கள். மூன்று வருஷமாக வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு, பெயரும் செல்போன் எண்ணும் அச்சடித்த 5 கிலோ பைகளில் கூரியரிலும் அனுப்புகிறார்.

இந்த நிலையில் ஒரு விதை நிறுவனத்தின் ஆள் வந்து 10 கிலோ விதை கேட்டிருக்கிறார். 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது தெரிந்த டவுன் விதைக்கடைக்காரர், "லைசென்ஸ் இல்லாம விதை விக்கிறது தப்பு. குஜராத்ல உருளைக்கிழங்கு போட்டவன் மேல கோடிக்கணக்குல கேஸ் போட்டாங்க, தெரியுமா?" என்று பயமுறுத்தியிருக்கிறார். மகனோ, "நாமே பேட்டன்ட் வாங்கிடலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா, விதை விற்றது குற்றமா, பேட்டன்ட் கிடைக்குமா, நாளைக்கு அந்த நிறுவனம் சம்பாதித்தால் தனக்குப் பங்கு உண்டா என்பவை அவர் கேள்விகள்.

ஐயா, முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விதையையும் இப்போது கொடுக்க வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். உங்கள் ரகத்தின் ஊர்ப்பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதிக்கு மேல் பயம். விதையை எடுத்துவைக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உள்ள உரிமை, பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001-இன் 39ஆம் பிரிவில் எழுதியே இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பெயரில் பதிவு செய்த ரகமாக இருந்தாலும் இந்த உரிமை போகாது. முன்பு ஒருமுறை கம்பெனி ரகம் ஒன்றை அறுத்து அடுத்த சம்பாவுக்கு விதையாக வைத்துக்கொண்டதைச் சொல்லி வருந்தியிருந்தீர்கள். அதில் தவறே இல்லை. (அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் மறு விதைப்பில் பயிர் பலவிதமாகப் பிரிந்துபோகும். அது சட்டத்தின் தொல்லை இல்லை, விளைச்சலின் தொல்லை.) செய்யக் கூடாதது ஒன்றுதான்: பதிவு பெற்ற ரகத்தின் விதையை, இது இன்ன ரகம் என்று லேபிள் ஒட்டிப் பை போட்டு விற்கக் கூடாது. பதிவான ரகம் என்றே தெரியாமல் ஒருவர் பயிரிட்டிருந்தால் அதை உரிமை மீறலாகக் கருத முடியாது என்று 42ஆம் பிரிவும் சொல்கிறது.

குஜராத் வழக்கை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 2019-இல் பெப்சிகோ நிறுவனம், எஃப்.எல். 2027 என்ற தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சில விவசாயிகள்மேல் வழக்குப் போட்டது உண்மை. சிலரிடம் தலா ஒரு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டதும் உண்மை. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பவே, அதே வருஷம் மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதோடு முடியவில்லை. அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்யக் கேட்டு ஒரு விவசாயிகள் உரிமைச் செயற்பாட்டாளர் மனு போட்டார். 2021 டிசம்பரில், இந்தச் சட்டத்தின் கீழ் ரகங்களைப் பதிவு செய்யும் ஆணையம் அந்தப் பதிவை ரத்து செய்தது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைப் பற்றியது. 39ஆம் பிரிவு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உங்கள் நெல்லோ யார் பெயரிலும் பதிவாகாத, உங்கள் வயலிலேயே உருவான ரகம்.

அந்த 5 கிலோ பைகள்

ஆனாலும் ஓர் இடத்தில் கடைக்காரர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். விதைச் சட்டம், 1966-இன் 24ஆம் பிரிவு, தானே விளைவித்த விதையைத் தன் இடத்தில் வைத்து, விதைக்கப்போகிறவருக்கே நேரடியாகக் கொடுப்பவருக்கு விலக்கு அளிக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து ஒருவர் ஒரு மூட்டை விதை வாங்கிப்போவது இதற்குள் அடங்கும். கோயம்புத்தூருக்கும் தருமபுரிக்கும் கூரியரில் பை அனுப்புவது அதில் அடங்குமா? அடங்கும் என்று துணிந்து சொல்ல மாட்டேன். விதை விற்பனையைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்பது 1983-ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணை. அச்சடித்த பை, தொடர்ந்து வரும் ஆர்டர், விலைப்பட்டியல் எல்லாம் சேரும்போது அதிகாரி கண்ணுக்கு அது தொழிலாகத்தான் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது: கூரியரை இந்த சம்பாவோடு நிறுத்திவையுங்கள். உங்கள் பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஏதாவது இருந்தால் அதன் பெயரில் விதை விற்பனை உரிமம் எடுத்து, முளைப்புத்திறனைச் சோதித்து, விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் "உண்மைநிலை விதை" என்ற லேபிளோடு விற்பது சுலபம். தனி ஆளாக உரிமம் வாங்குவதானால் விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். விதைத் திருவிழாக்களில் கைமாற்றுவதற்கு இந்தத் தலைவலி கிடையாது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று நெல் ஜெயராமன் வைத்த ஏற்பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பரிமாற்றத்தைத்தான் 39ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

பேட்டன்ட் கிடைக்காது, பதிவு கிடைக்கலாம்

மகனிடம் சொல்லுங்கள், இந்தியாவில் செடிக்கும் விதைக்கும் ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜெ) பிரிவு அதை அடைத்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்காதது அந்த நிறுவனத்துக்கும் கிடைக்காது என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் முன்பு சொன்ன 2001-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ரகத்தைப் பதிவு செய்யலாம். நெல் போன்ற பயிர்களுக்கு மொத்தம் 15 வருஷம் அந்த உரிமை நிற்கும்.

உங்கள் நெல் "விவசாயிகள் ரகம்" என்ற வகையில் வரும். இந்த வகையில் ரகம் புதிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இத்தனை வருஷமாக ஊருக்கே கொடுத்துவிட்டோமே என்று கவலைப்படாதீர்கள். மற்ற ரகங்களிலிருந்து வேறுபடும் தனித்தன்மை, செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்கும் சீர்மை, தலைமுறைதோறும் மாறாத நிலைத்தன்மை இந்த மூன்றையும் சோதனை வயலில் போட்டுப் பார்ப்பார்கள். சீர்மையில் விவசாயிகள் ரகத்துக்குச் சற்றுத் தளர்வு உண்டு. இருந்தாலும் உங்கள் விதையில் இன்னும் கலவன் வருகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், அடுத்த இரண்டு போகம் கதிர் பொறுக்கலைக் கறாராகச் செய்யுங்கள். கட்டணம் கிடையாது, 44ஆம் பிரிவு விவசாயிக்கு முழு விலக்கு தருகிறது. விண்ணப்பத்தில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அதிகாரியோ வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ சான்றளிக்க வேண்டும். பதிவு செய்யும் ஆணையத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. நம் பக்கத்துக்குக் கிட்டத்தில் உள்ளது சிவமொக்கா கிளை. பயிர் வாரியாகக் கால வரம்புகள் உண்டு என்பதால், விண்ணப்பத்தை நிரப்பும் முன் நெல்லுக்கு இன்றைய நிலை என்ன என்று அங்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டால் படிவத்தை நிரப்ப உதவுவார்கள்.

யார் பெயரில் பதிவு செய்வது? "என் பெயரில்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். 2018 கஜா புயலில் உங்கள் வீட்டு விதைநெல் முழுக்க நனைந்து முளைத்துப்போனது. அடுத்த பருவத்துக்குப் பங்காளி வீட்டுப் பத்தாயத்திலும், உங்களிடம் விதை வாங்கியிருந்த இன்னொரு குடும்பத்திலும் இருந்ததை வைத்துத்தான் திரும்ப ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்து அம்மா, கதிர் நீளமாக உள்ளதை மட்டும் தனியே அறுத்துவைப்பார் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்று உங்களிடம் இருக்கும் ரகத்தில் அந்த இரண்டு வீட்டாரின் கையும் இருக்கிறது. சட்டத்தின் 16ஆம் பிரிவு, விவசாயிகள் குழுவாகவும் சமூகமாகவும் விண்ணப்பிக்க இடம் தருகிறது. மூன்று குடும்பமும் சேர்ந்து போடுங்கள். இது நியாயத்துக்காக மட்டும் சொல்வதில்லை. தனி ஆளாகப் போட்டால், விண்ணப்பம் விளம்பரமான மூன்று மாதத்துக்குள் எவரும் ஆட்சேபம் எழுப்பலாம். அந்த ஆட்சேபத்தை உங்கள் பங்காளியையே தூண்டிவிட்டுப் போடவைப்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய வேலையா?

பதிவு செய்யாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிராவின் தாதாஜி கோப்ரகடே கதையைச் சொல்லலாம். சந்திரபூர் மாவட்டத்தில் ஓரிரு ஏக்கர் வைத்திருந்தவர். 1980-களில் தன் வயலில் வித்தியாசமாகத் தெரிந்த கதிர்களைப் பொறுக்கி, வருஷக்கணக்கில் தேர்வு செய்து ஒரு சன்ன ரக நெல்லை உருவாக்கினார். அன்று பிரபலமாக இருந்த கைக்கடிகாரத்தின் பெயரில் அதற்கு எச்.எம்.டி. என்று பெயர் வந்தது. 1990-களில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர்கள் சில கிலோ விதை வாங்கிப் போனார்கள். பிறகு வேளாண் பல்கலைக்கழகம் அதைச் செம்மைப்படுத்தி, பி.கே.வி. எச்.எம்.டி. என்ற பெயரில் வெளியிட்டது. அந்த அரிசி பல மாநிலங்களில் ஓடியது. பாராட்டும் விருதும் அவருக்கு வந்தன, விதை வியாபாரத்தின் லாபம் வரவில்லை. 2018-இல் நோயில் இறந்தபோதும் கஷ்ட ஜீவனம்தான். அவர் விதை கொடுத்த காலத்தில் 2001-ஆம் வருஷத்துச் சட்டம் பிறந்திருக்கவில்லை. உங்களுக்கு அது இருக்கிறது.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மூன்றாவது பத்தி, விதையிலும் அதிலிருந்து பின்னால் உருவாகும் எதிலும் உள்ள எல்லா உரிமையையும் நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறது. ஆறாவது பத்தி, ஐந்து வருஷத்துக்கு இந்த விதையை "மூன்றாம் நபர் எவருக்கும்" தரமாட்டேன் என்று உங்களிடம் உறுதி வாங்குகிறது. உங்கள் பங்காளியும் மூன்றாம் நபர்தான், திண்ணைக்கு வருகிறவரும் மூன்றாம் நபர்தான். கடைசிப் பத்தி, வழக்கு என்று வந்தால் ஹைதராபாத் நீதிமன்றம் என்கிறது. 25,000 ரூபாய் மட்டும் முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில்.

"39ஆம் பிரிவுதான் இருக்கிறதே, கையெழுத்துப் போட்டால் என்ன" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அந்தப் பிரிவு, "இந்தச் சட்டத்தில் வேறு என்ன சொல்லியிருந்தாலும்" விவசாயிக்கு உரிமை உண்டு என்று தொடங்குகிறது. அதாவது அதே சட்டத்தின் மற்றப் பிரிவுகளைத் தாண்டி நிற்கும். நீங்களே மனமொப்பிப் போட்ட ஒப்பந்தத்தையும் தாண்டி நிற்குமா என்பது நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய சங்கதி. வாதாடலாம், எனக்கு நல்ல வாதங்களும் தோன்றுகின்றன. ஆனால் அதற்கு ஹைதராபாத்துக்கு அலைகிற செலவு யாருடையது?

விதை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் தாங்கும் குணம் நல்ல ஆராய்ச்சிக்குப் பயன்பட்டால் நல்லதுதான். கொடுப்பதானால் உங்கள் நிபந்தனையில், தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். எந்த ஊர், எந்தக் குடும்பங்கள், என்ன தேதி, எத்தனை கிலோ என்பது அதில் இருக்கட்டும். ஆராய்ச்சிக்கு மட்டும், பிறருக்குக் கைமாற்றக் கூடாது, இந்த விதையை அப்படியே தன் பெயரில் பதிவு செய்யக் கூடாது, இதைப் பெற்றோராக வைத்து வேறு ரகம் உருவாக்கிப் பதிவு கேட்டால் எங்கள் ஊரையும் பங்களிப்பையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும், விற்பனைக்கு வந்தால் இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். வழக்கு திருவாரூரில். அதே குவியலிலிருந்து ஒரு கிலோவைத் தனியே கட்டி, சாட்சிக் கையெழுத்தோடு முத்திரை வைத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ரகம் எங்கிருந்து வந்தது, எந்த விவசாயியின் பங்கு இருக்கிறது என்பதை ரகப் பதிவு கேட்கும் விண்ணப்பதாரர் தெரிவிக்க வேண்டும் என்பது 2001-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே இருக்கும் கடமை. மறைத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க 40ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்புறம், வந்த ஆள் எந்த நிறுவனம், அது வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று கேளுங்கள். அப்படியானால் பல்லுயிர்ச் சட்டத்தின்படி சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன்னனுமதி இல்லாமல் ஆராய்ச்சிக்குக்கூட விதையைப் பெறக் கூடாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் சிலர் மறுபடி வருவதே இல்லை.

பங்கு கிடைக்குமா?

சட்டப்படி வழி இருக்கிறது. நடைமுறையில் இந்த வழியில் கையில் பணம் பார்த்த விவசாயிகள் மிகமிகக் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை.

பல்லுயிர்ச் சட்டம்தான் பங்கு வாங்கித் தரும் என்று எங்கோ கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூலிகை, மருந்து, நறுமணப் பொருள் போன்றவற்றில் அது சரி. ஆனால் வழக்கமான முறையில் பயிர் ரகம் உருவாக்குவதை அந்தச் சட்டம் வணிகப் பயன்பாடு என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆகவே உங்கள் வழி 2001-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஒரு ரகம் பதிவானதும் ஆணையம் அதை வெளியிட்டு, பயன்பங்கு கேட்பவர்கள் வரலாம் என்று அழைக்கும். உங்கள் விதை அதில் எந்த அளவு பயன்பட்டது, சந்தையில் அந்த ரகத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்துத் தொகையை முடிவு செய்யும். பணம், இதற்கென அந்தச் சட்டத்தில் உள்ள மரபணு நிதி வழியாக வரும். நிறுவனம் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கவும் வகை உண்டு. 41ஆம் பிரிவில் ஊர் சார்பாகவே, ஒரு தன்னார்வ அமைப்பு வழியாகக்கூடக் கோரலாம். சிக்கல் என்னவென்றால், ரகம் பதிவானதை யார் உங்களுக்குச் சொல்வார்கள்? மாதாமாதம் வரும் ரகப் பதிவு இதழை யாராவது பார்க்க வேண்டும். உங்கள் மகன்தான் செல்போனும் கையுமாக இருப்பதாகச் சொன்னீர்களே, அவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

வாங்கிய பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். கேரளத்தில் அகத்தியமலைப் பகுதிக் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீத ராயல்டி, இதில் பாதி காணிகளுக்கு என்று 1990-களிலேயே ஏற்பாடானது. ஆனால் பணத்தை யாரிடம் கொடுப்பது? அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவான பிறகுதான் பணம் நகர்ந்தது. அதற்குள் எங்கள் பகுதியைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் மற்றக் காணிகளிடம் வந்துவிட்டது. நீங்கள் மூன்றே குடும்பம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, ஊரின் பயிர், செடி, உயிரின வகைகளை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் கேட்பது. பல ஊர்களில் அதை யாரோ வெளியாள் வந்து அவசரத்தில் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். உங்கள் ரகம் அதில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். வளர்த்தவர்கள் என்று மூன்று குடும்பத்தின் பெயரும் வரட்டும். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். 2008-லிருந்து உள்ள விதைக் கணக்கு நோட்டு, வாங்கிப்போனவர்களின் பெயர், பழைய வயல் புகைப்படம், எது கிடைத்தாலும் ஒரே கோப்பில் சேருங்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டதைப் படித்திருப்பீர்கள். விற்பனை உரிமம் பற்றி நான் மேலே சொன்னது பழைய சட்டத்தை வைத்து. உரிமத்துக்குப் போகும் நாளில் அதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்து ஆள் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார் அல்லவா? சண்டை போட வேண்டாம். "வீட்டில் மூன்று பங்காளி, எல்லாரும் வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி, அவர் முகவரி அட்டையையும் நிறுவனத்தின் பதிவு எண்ணையும் வாங்கி வையுங்கள். வயலைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிப்போகலாம், கதிர் மட்டும் ஒடிக்க விடாதீர்கள். தமிழ் ஒப்பந்தத்தை எழுதித்தர வக்கீல் செலவு கட்டுப்படியாகாது என்றால் திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது ஆதாரும் வருமானச் சான்றும் அந்த இரண்டு பக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.